காணிக்கை கேட்கும் கதைகள்

நாமக்கல்

சேலத்திலிருந்து தெற்கே நாமக்கல்லுக்கு வருகிறவர்களின் இடப்பக்கம் வழிநெடுக மலை கூடவே வருகிறது. ஆனால் அது ஒரே மலையல்ல. ஜருகுமலை முடிந்ததும் வெட்டவெளி, போதமலை முடிந்ததும் வெட்டவெளி, அதற்கப்புறம் கொல்லிமலை. வடக்கே சேர்வராயன், கல்வராயன், கிழக்கே பச்சைமலை என்று மற்றவையும் தனித்தனியாகவே நிற்கின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையை ஆறுகளும் காலமும் அரித்துத் துண்டு துண்டாக்கிவிட்ட பகுதி இது. சுற்றிலும் நிலக்கடலை, மரவள்ளி, சோளம், கோழிப்பண்ணைகள்; நடுவே உயர்ந்து எழுந்த திட்டுகள். மேலே மண் வேறு, மழை வேறு, குளிர் வேறு, குடியிருக்கும் மக்களும் வேறு. கடல் இல்லாத இந்தச் சீமையில் இவைதான் தீவுகள்.

எட்டாத நிலம் எதுவானாலும் அதைச் சுற்றிக் கதைகள் சேர்ந்துவிடும். அதில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது, அந்தக் கதைகள் அந்த நிலத்துக்கு என்ன செய்கின்றன என்பது. கதைகள் எல்லாமே இயற்கையைக் காக்கும் என்று ஒரு தரப்பு மனம் நெகிழ்ந்து பேசுகிறது. கதைகள் எல்லாமே வெறும் மூடநம்பிக்கை என்று இன்னொரு தரப்பு ஒதுக்கித் தள்ளுகிறது. கொல்லிமலைக்கு ஏறி இறங்கும் வழி இரண்டையுமே மறுக்கிறது. மலையைப் பற்றிய கதைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, கேட்கிறவரிடம் காணிக்கை கேட்கிறது: இதைச் செய், இதைச் செய்யாதே, இன்ன நாளில் வந்து நில் என்கிறது. இன்னொரு வகை, கேட்கிறவருக்கு வரம் தருவதாகச் சொல்கிறது: மருந்து கிடைக்கும், பொன் கிடைக்கும், கிளர்ச்சி கிடைக்கும் என்கிறது. முதல் வகை மலையோடு உறவை வளர்க்கிறது. இரண்டாம் வகை மலையைச் செலவழிக்கிறது. கதை உண்மையா, எத்தனை பழசு என்ற கேள்விகளைவிட இந்த வேறுபாடே மலையின் கதியைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

இதற்கு முதல் சான்று மலை ஏறுவதற்கு முன்பே, நாமக்கல் ஊர் நடுவிலேயே இருக்கிறது. தரையிலிருந்து திடீரென்று எழுந்த ஒற்றைப் பாறை, உச்சியில் கோட்டை, பாறையைக் குடைந்த நரசிம்மர் கோயில். அனுமன் கண்டகி ஆற்றிலிருந்து சாளக்கிராமம் ஒன்றை எடுத்து வந்ததாகவும், வழியில் இங்கே கீழே வைத்தபோது அது மலையாக வளர்ந்துவிட்டதாகவும் தல புராணம் சொல்கிறது. அந்த மலையைப் பார்த்தபடி 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். அவருக்கு மேற்கூரை இல்லை. மலை வடிவில் நிற்கும் தன் ஆண்டவனுக்கு இல்லாத கூரை தனக்கும் வேண்டாம் என்று அவர் வெயிலிலும் மழையிலும் நிற்பதாக ஊர் சொல்கிறது. எத்தனையோ கோயில்கள் கான்கிரீட் மண்டபங்களாகப் பெருத்துவிட்ட இந்தக் காலத்திலும், பணத்துக்குக் குறைவில்லாத இந்தக் கோயிலில் அந்த ஒரு இடத்தில் மட்டும் வானம் அடைபடாமல் இருக்கிறது. கதை ஒரு கட்டுப்பாட்டைக் கேட்டது. ஊர் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

காரவள்ளி

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் சமவெளியின் தொழில்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்குகின்றன. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும், நீண்ட கொட்டகைகளில் வரிசையாக அடுக்கிய கோழிக் கூண்டுகளும், ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிய வயல்களும் நாமக்கல் மாவட்டத்தின் முகம். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டம் மழை குறைந்த பூமியில் உழைப்பால் எழுந்தது. காரவள்ளியில் அந்த உலகம் முடிகிறது. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. ஏறுகிறவர்களின் பேச்சும் அந்த எண்களையே பற்றிக்கொள்கிறது: முப்பது ஆயிற்று, இன்னும் நாற்பது. வார இறுதிகளில் ஈரோட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் மோட்டார் சைக்கிள் கூட்டங்களுக்கு இந்த எண்ணிக்கைதான் கொல்லிமலை. மலைக்குக் கிடைத்த மிகப் புதிய கதை இது. எழுபதாவது வளைவோடு அது முடிந்தும் போகிறது. மேலே யார் இருக்கிறார்கள், என்ன விளைகிறது என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை.

சாலைக்கு முன்னால் வேறு கதைகள் இருந்தன. அவை அச்சத்தின் கதைகள். கொல்லிமலைக்குப் போனவன் திரும்ப மாட்டான், கொல்லிப்பாவை என்ற தெய்வம் சிரித்தால் உயிர் போகும், மந்திரவாதிகள் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்றெல்லாம் சமவெளி நம்பியது. இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். சமவெளி மக்களை மலையிலிருந்து தள்ளி வைத்தது கதையல்ல, காய்ச்சல்தான் என்பது அந்த மறுப்பு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலப் பதிவுகளில் கொல்லிமலை மலேரியாவுக்குப் பெயர்போன இடம். ஊட்டியிலும் ஏற்காட்டிலும் பங்களா கட்டிய வெள்ளைக்காரர்கள் இங்கே அதைச் செய்யவில்லை. பாதையும் செங்குத்தானது. எனவே கொசுவும் சரிவும் செய்த காவலைக் கதைகளின் கணக்கில் எழுதக்கூடாது என்று வாதிடலாம்.

அந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. அச்சக் கதைகள் பெரும்பாலும் அனுபவத்தின் சுருக்கமே. காட்டுக்குள் போய்க் காய்ச்சலோடு திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் சிரிக்கும் பாவையின் பயங்கரத்தைக் கூட்டியிருப்பார்கள். ஆனால் அதே மறுப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அச்சம் மட்டுமே சொன்ன கதை, அச்சத்தின் காரணம் போனதும் செத்துவிட்டது. மலேரியா கட்டுக்குள் வந்து, மலைச்சாலையும் வந்த பிறகு, பாவை சிரிப்பாள் என்பதற்காக யாரும் மரம் வெட்டாமல் இருக்கவில்லை. பயம் கேட்கிறவரை விலக்கி வைக்குமே தவிர, அவருக்கும் நிலத்துக்கும் நடுவே எதையும் கட்டி எழுப்புவதில்லை. ஆகவே அச்சத்தைக் காணிக்கை என்று எண்ணிவிடக் கூடாது.

சோளக்காடு, செம்மேடு

எழுபது வளைவும் முடிந்து சோளக்காட்டுக்குள் நுழையும்போது காற்றில் பலாப்பழமும் ஈரமண்ணும் கலந்து வருகிறது. சந்தையில் மலைவாழைத் தார்கள், அன்னாசி, மிளகு, காப்பிக்கொட்டை, பருவம் வந்தால் பலா. கீழே நாற்பது டிகிரி வெயிலில் பம்புசெட்டின் நேரத்தை எண்ணி விவசாயம் செய்கிறவர்களுக்கு இந்த வளம் ஏக்கத்தைத் தரும். மலையின் பலா சங்கப் பாடல்களிலேயே பேசப்பட்டது. கொல்லிமலைக்கும் அதன் தலைவன் வல்வில் ஓரிக்கும் வந்த புகழ் எல்லாம் அங்கிருந்தே தொடங்குகிறது.

சாலையோரக் கடைகளில் அதிகம் விற்பது முடவாட்டுக்கால் சூப். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகைச் செடி ஒன்றின் கிழங்கு அது. பழுப்பு நிற ரோமம் அடர்ந்து, அச்சு அசலாக ஆட்டுக்காலைப் போலவே இருக்கும். ரோமத்தைச் சுரண்டி எடுத்தால் உள்ளே பச்சைச் சதை. அதைத் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்கவைத்து டம்ளரில் ஊற்றித் தருகிறார்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது, ஆட்டுக்கால் சூப்பின் மணமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. மூட்டுவலி தீரும், முடவனும் நடப்பான் என்பது இதன் கதை. பதினெண் சித்தர்கள் உலவிய மலை, கோரக்கர் குகையும் காலாங்கிநாதர் குகையும் இருக்கும் மலை என்பதால் இந்தக் கதைக்குக் கூடுதல் வலு. விளைவு கண்முன்னே இருக்கிறது. மலைக்காரர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துவந்த கிழங்கு, இன்று கூடை கூடையாகச் சமவெளிக் கடைகளுக்கும் கூரியர் பொட்டலங்களுக்கும் போகிறது. பாறையில் மெல்ல வளரும் ஒரு செடி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மருந்து இருக்கிறது என்று சொன்ன கதை, எவ்வளவு எடுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சித்த மருத்துவத்தை முறையாகப் பயின்றவர்களிடம் மூலிகை பறிக்கும் நாளுக்கும் முறைக்கும் விதிகள் உண்டு. மலை இறங்கும்போது அந்த விதிகள் உதிர்ந்துபோய், பலன் மட்டும் விளம்பரமாகிவிட்டது.

செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் சிலையாக இருக்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்து உயிர்களைத் துளைத்தது என்று வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டால் வாழ்கிறவன். ஆடி மாதம் அரசு இங்கே வல்வில் ஓரி விழா நடத்துகிறது. வில்வித்தைப் போட்டி உண்டு, கண்காட்சி உண்டு, கீழிருந்து பேருந்துகள் நிறையக் கூட்டம் வருகிறது. தமிழ்நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கும் கொல்லிமலை அறிமுகமாவது ஓரி வழியாகத்தான். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓரி கொடுத்தான், பாணர் பெற்றார்கள் என்பதோடு பாடம் நிற்கிறது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியும் சங்கப் பாடலில்தான் இருக்கிறது. வளமான மலை, அதன் வளத்துக்காகவே வேந்தர்களின் கைமாறு பொருளானது. அந்தப் பாதியை விட்டுவிட்டு வள்ளலை மட்டும் கொண்டாடும்போது, கொடுப்பது மலையின் இயல்பு, பெறுவது நம் இயல்பு என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் படிகிறது. ஈராயிரம் ஆண்டாக ஒரு நிலத்திடம் பெற்றவர்கள் திருப்பித் தந்தது என்ன என்ற கேள்விக்கும் பாடத்தில் இடம் வேண்டும்.

வளப்பூர் நாடு

செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழி மலையின் உள்முகத்தைக் காட்டுகிறது. ஓட்டு வீடுகளும் தொகுப்பு வீடுகளும், படிப்படியான நெல்வயல்கள், மேட்டில் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. இங்கே ஊராட்சிகளுக்கே நாடு என்றுதான் பெயர்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள். வாழ்பவர்கள் பெரும்பாலும் பழங்குடிப் பட்டியலில் உள்ள மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து, ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயனிலும் கொல்லியிலும் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்பது கதை. மலைக்கு மலை சிறு மாற்றங்களோடு இதே கதை சொல்லப்படுகிறது. நூறாண்டுக்கு முன் இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டனும் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இது வரலாறு அல்ல, சமூக ஏணியில் மேலே ஏறுவதற்காகப் பின்னால் கட்டிய வம்சக் கதை என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்லக்கூடும். அப்படியே இருக்கட்டும். காஞ்சியிலிருந்து வந்தார்களா என்பதைக் கல்வெட்டும் மரபணுவும் முடிவு செய்யட்டும். இந்தக் கதை செய்கிற வேலை வேறு. சமவெளியால் பிரிந்து, ஒன்றையொன்று தூரத்தில் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று மலைகளை அது அண்ணன் தம்பி ஆக்குகிறது. பச்சைமலையில் இருப்பவருக்குக் கொல்லிமலையில் பங்காளி உண்டு. பங்காளி என்றால் நல்லது கெட்டதுக்குப் போக வேண்டும், தீட்டுக் காக்க வேண்டும், யாரோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம் என்ற முறை பார்க்க வேண்டும். தனித்தனித் தீவுகளை ஒரே குடும்பத்தின் வீடுகளாக்கிய கதை, அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் கடமையை வைத்திருக்கிறது. இத்தனை தலைமுறை அது நிலைத்ததற்குக் காரணம் அந்தக் கடமைதான்.

அறப்பளீஸ்வரர் கோயிலில் இதே இயல்புடைய இன்னொரு கதை இருக்கிறது. பக்கத்தில் ஓடும் ஐயாற்றில் மீன்கள் கூட்டமாகத் திரியும். ஒரு காலத்தில் யாரோ இந்த மீனைப் பிடித்து, அறுத்து, சட்டியில் இட்டபோது, துண்டான மீன் மீண்டும் பொருந்தி ஆற்றில் குதித்து ஓடிவிட்டது என்கிறது தல புராணம். அன்றிலிருந்து கோயிலை ஒட்டிய ஆற்றில் மீன் பிடிப்பதில்லை. வருகிறவர்கள் பொரி போட, மீன்கள் கைக்கு அருகே வந்து மொய்க்கின்றன. துண்டான மீன் பொருந்துமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதையின் பொருள் ஒரு தடை: இங்கே பிடிக்காதே. தடை எளிது, இடம் தெளிவு, மீறினால் ஊரே கேட்கும். மீன்வளத் துறையின் அறிவிப்புப் பலகை இல்லாமலே ஆற்றின் ஒரு துண்டு காப்பிடமாக இருக்கிறது.

கடலில் உள்ள உண்மையான தீவு ஒன்றும் இதையே சொல்கிறது. சுமத்ராவுக்கு மேற்கே இருக்கும் சிமலூ தீவில் 1907இல் பெரிய ஆழிப்பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. நில நடுக்கம் வந்து கடல் உள்வாங்கினால் எதையும் பார்க்காமல் மேட்டுக்கு ஓடு என்று அந்த மக்கள் அதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நில நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில் ஏறத்தாழ 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. அதே ஆழிப்பேரலையில் நாகப்பட்டினத்தில் நாம் இழந்ததை நினைத்தால் அந்த எண்ணின் பெறுமதி புரியும். கேட்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கதை சொல்லியிருந்தது. அதனால்தான் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தும் அது வேலை செய்தது.

கோயிலுக்குப் பின்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகின்றன. ஐயாறு அங்கே பாறைச் சுவரிலிருந்து விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் சமவெளியில் இறங்கிக் காவிரியைத் தேடிப் போகிறது. ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரை ஊர்களின் மக்கள் கீழே ஆற்றுக்குப் படையல் வைக்க, இன்னொரு கூட்டம் மேலே ஏறிவந்து ஐயாற்றில் குளிக்கிறது. கீழே ஓடும் தண்ணீரின் பிறப்பிடம் மேலே இருக்கிறது என்ற அறிவு அந்தச் சடங்குக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எட்டுக்கை அம்மன், மாசி பெரியசாமி

கொல்லிமலையின் பெயரோடு பிரிக்க முடியாமல் கலந்தவள் கொல்லிப்பாவை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அவள் பலமுறை வருகிறாள். தெய்வம் அமைத்த உருவம். காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் குலையாமல் நிற்பவள். தலைவியின் அழகுக்கும் கிட்டாத தன்மைக்கும் புலவர்கள் அவளை உவமை ஆக்கினார்கள். தவம் செய்த முனிவர்களைக் காக்க அவள் படைக்கப்பட்டாள், மயங்கி வரும் அரக்கர்களைச் சிரித்தே கொன்றாள் என்பது வழிவழியாக வரும் விளக்கம். இன்று எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவளே அந்தப் பாவை என்பது பரவலான நம்பிக்கை.

சங்கப் பாவைக்கு எட்டுக் கை இல்லையே, இரண்டும் ஒன்று என்பதற்குச் சான்று ஏது என்று கேட்கலாம். இலக்கிய ஆய்வில் அது தேவையான கேள்வி. ஆனால் பாவையின் இரண்டு வாழ்க்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஏட்டில் இருக்கும் பாவையை நாம் ரசிக்கிறோம். அவள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கோயிலில் இருக்கும் அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும், வேண்டுதல் நிறைவேறினால் வந்து செலுத்த வேண்டும், அவள் எல்லைக்குள் செருப்போடு நுழையக் கூடாது. மலையோடு மக்களை இன்றும் கட்டிப்போட்டிருப்பவள் இவள்தான். மலைமுகட்டில் இருக்கும் மாசி பெரியசாமியும் அப்படியே. சமவெளிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் குலதெய்வம். பிள்ளைக்குக் காது குத்தவும், கிடா வெட்டவும், நேர்ந்துகொண்ட வேலைக் கொண்டுவந்து நடவும் அவர்கள் ஏறி வருகிறார்கள். அடுக்கடுக்காக நட்ட வேல்களில் எலுமிச்சை குத்தியிருக்கிறது. புதிய வேலின் பளபளப்புக்குப் பக்கத்திலேயே துருவேறிய பழைய வேல்கள். தாத்தா நட்ட வேல் இருக்கும் மலையைப் பேரன் வெறும் சுற்றுலாத் தலமாகப் பார்ப்பது கடினம்.

காணிக்கைக் கதைகளுக்கும் தோல்வி உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சாமிக்கென்று விட்ட சோலைகள் இந்த மலையில் பல இருந்தன. அவற்றில் சில சுருங்கின, சில கோயில் கட்டடம் பெருக இடம் கொடுத்தன. சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்த மேட்டுக் காடுகளை மரவள்ளி பிடித்துக்கொண்டது. கீழே சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகள் மாவுக்கிழங்கைக் காசு கொடுத்து வாங்கின. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு அந்தச் சந்தைக்கு ஒழுங்கு தந்தது. சாமையை உரலில் குத்திச் சோறாக்கப் பெண்கள் படும் பாட்டையும், மரவள்ளி ஒரே முறையில் தரும் ரொக்கத்தையும் ஒப்பிட்டால், மலைக்காரர்கள் எடுத்த முடிவில் குறை சொல்ல எதுவுமில்லை. கதை வயிற்றை நிரப்பாது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்கப் பாடுபட்டபோது விதையோடு நிற்கவில்லை. உமி நீக்கும் சிறு எந்திரங்களையும், பெண்கள் குழுக்களையும், விற்பனை வழியையும் சேர்த்தே கொண்டுவந்தது. கடமை சொல்லும் மரபு நிலைக்க வேண்டுமானால், அந்தக் கடமையைச் செய்கிறவர் பிழைக்கவும் வழி வேண்டும். இந்தத் தோல்விகள் வாதத்தை உடைக்கவில்லை, அதற்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்கின்றன.

போதமலை, ஏற்காடு

இறங்கி ராசிபுரம் வழியாகச் சேலம் திரும்பினால் போதமலை எதிரே நிற்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று மேலே மூன்று மலைக் கிராமங்கள். நெடுங்காலம் சாலையே இல்லாமல் இருந்ததால், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு எந்திரங்களை நடைவழியே சுமந்து செல்லும் படம் செய்தித்தாள்களில் வரும். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறங்கிய செய்தியும் வரும். சமவெளிக்கு இந்த மலையைப் பற்றித் தெரிந்த கதை பெரும்பாலும் இவ்வளவுதான். பக்கத்திலேயே இருந்தும் ஒரு நிலம் தொலைதூரத் தீவாகிவிடுவது இப்படித்தான். உறவுக்கதை இல்லாத இடத்துக்குச் சாலையும் தாமதமாகவே வருகிறது.

சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஆளில்லாத குளிர்ந்த மலை, உழைப்பும் மூலதனமும் போட்டால் பொன் விளையும் என்று ஒரு புதிய கதை பிறந்தது. மலையில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய சாமியான சேர்வராயன் உயரமான முகட்டில், தலை குனிந்து நுழைய வேண்டிய குகைக்குள் இருந்தார், இன்றும் இருக்கிறார். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து மலையாளிகள் திரண்டு வருகிறார்கள். ஆனால் காப்பித் தோட்டங்களின் வரைபடத்தில் அந்தக் கிராமங்கள் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. அடுத்து வந்தது பாக்சைட்டின் கதை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மலையின் தலைமண் வெட்டப்பட்டது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்குப் பின் 2008 வாக்கில் அது நின்றது. தலைமண் போன மேட்டில் மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றாக விடும் ஆற்றலும் போகிறது. அலுமினியம் நாட்டுக்கு வேண்டும்தானே என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் எந்த மலையிலிருந்து, யாரைக் கேட்டு என்பதை வரம் தரும் கதை ஒருபோதும் சொல்வதில்லை.

சேலம்

மலையில் வாழ்கிறவர்களைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை ஒடிசாவின் நியமகிரி காட்டியது. அங்கேயும் பாக்சைட்தான். அங்கே வாழும் டோங்ரியா கோண்டு பழங்குடி மக்கள் அந்த மலை தங்கள் நியமராஜாவின் இருப்பிடம் என்றார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகளே இதை முடிவு செய்யட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டுமே சுரங்கத்தை மறுத்தன. ஒரு மலைச் சாமியின் கதை சட்டத்தின் முன் சாட்சியாக நின்றது. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டுப் பகுதி எதுவும் இல்லை. அதனால் கொல்லிமலையின் 14 நாடுகளுக்கும், போதமலைக்கும், ஏற்காட்டுக் கிராமங்களுக்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அதன் கிராம சபையுமே பெரிய பிடிமானம். எது சாமிக்கான சோலை, எந்த ஊற்றைத் தொடக் கூடாது, எந்தக் கிழங்கை எவ்வளவு எடுக்கலாம் என்று அந்த மக்கள் சொல்லும் கதைகளை அங்கே பதிவாக்கினால், அவை வட்டாட்சியரும் வனத்துறையும் மதிக்க வேண்டிய ஆவணமாகும்.

சமவெளிக்கும் வேலை இருக்கிறது. சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் நுழைந்ததும் சாயமும் சாக்கடையுமாக மாறுவதை இந்த ஊர் தினமும் பார்க்கிறது. மலையிடம் பெற்றதை நாம் எந்த நிலையில் காவிரியில் சேர்க்கிறோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். மலைக்குப் போகிறவர்கள் எழுபது வளைவுகளை எண்ணுவதோடு, 14 நாடுகளின் பெயர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிப் பாடத்தில் ஓரியின் கொடையைச் சொல்லும் ஆசிரியர், அந்த மலையில் இன்று வாழ்கிறவர்களையும் அவர்களின் மூன்று அண்ணன்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூலிகை வாங்குகிறவர் அது எங்கிருந்து, யாரால், எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். சாமையரிசிக்கு மலைக்காரர் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். குலதெய்வத்துக்கு வேல் நட ஏறுகிற குடும்பங்கள் இதை ஏற்கெனவே பாதி செய்துகொண்டிருக்கின்றன: மலைக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை அவை மறக்கவில்லை. அந்தக் கடனைச் சமவெளி முழுவதும் தன்னுடையதாக ஒப்புக்கொள்ள வேண்டிய காலம் இது. அதற்குப் புதுக்கதை எழுத வேண்டியதில்லை. மலையில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும் கதைகளை, அவை கேட்கும் காணிக்கையோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டாலே போதும்.